எடுக்காத பணத்தைக் கட்டாதீர்கள்

சின்ன ஊரில் ஒருவர் மேல் திருட்டுப் பழி விழுந்தால், போலீசுக்கு முன்பே வாசலில் வந்து நிற்பவர்கள் சமாதானம் பேசுகிறவர்கள். சொந்தக்காரர், வார்டு மெம்பர், கோயில் தர்மகர்த்தா, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: “எடுத்தாயா இல்லையா என்பதை விடு. பணத்தைக் கட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது.” அந்தப் பேச்சுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். எடுக்காத பணத்தைக் கட்டாதீர்கள். தாலியை அடகு வைத்தாவது கட்டு என்று பெற்றவளே சொன்னாலும் கட்டாதீர்கள்.

எங்கள் ஊர் பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகிற பக்கம் இருக்கிறது. சுற்றிலும் தென்னந்தோப்பு, கொப்பரைக் களம், நார் மில். ஊரில் பாதிப் பேருக்கு மீதிப் பாதிப் பேர் உறவு. நான் ஒரு கொப்பரைக் களத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தேங்காய் உடைக்கிறவர்கள், களத்தில் காயப்போட்டுப் புரட்டுகிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் சனிக்கிழமை கூலி. 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் கூலியோடு போனசும் சேர்ந்ததால் பணம் அதிகம். வெள்ளிக்கிழமை மாலை முதலாளியும் நானும் எண்ணி, கட்டுப் போட்டு, ஆபீஸ் அறை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினோம். சனிக்கிழமை காலையில் திறந்தபோது 1,40,000 ரூபாய் இல்லை. பூட்டு உடையவில்லை. பீரோவுக்கு மூன்று சாவிகள். ஒன்று என்னிடம், ஒன்று முதலாளியிடம், ஒன்று அவர் வீட்டில். அந்த மூன்று சாவிகளில் அன்று காலை எல்லோரும் பார்த்தது என் சாவியை மட்டும்தான்.

அந்த நிமிடம் முதல் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். முதல் நாள் மிக முக்கியம். பதறிப்போய் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தால், காலையில் சொன்னதற்கும் மாலையில் சொன்னதற்கும் ஒரு சொல் மாறினாலும் “பேச்சு மாறுகிறது” என்று ஊர் முடிவு கட்டிவிடும். அன்று இரவு என் மகளின் பழைய நோட்டில் முந்தின நாள் முழுவதையும் எழுதி வைத்தேன். எத்தனை மணிக்குப் பணம் எண்ணினோம், பீரோவைப் பூட்டியது யார், களத்தில் அப்போது யார் யார் இருந்தார்கள், நான் எந்த பஸ்ஸில் ஏறினேன், யாரிடம் பேசினேன் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். அதன் பிறகு யார் கேட்டாலும் அந்த நோட்டில் உள்ளதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

எழுதும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை பூட்டியதும் அத்தையின் சர்க்கரை மாத்திரை வாங்கப் பொள்ளாச்சிக்குப் போயிருந்தேன். மருந்துக் கடையில் ஜிபேயில் பணம் கட்டியிருந்தேன். போனில் நேரம் இருந்தது: மாலை 6.12. இருட்டும் நேரத்தில் என்னைக் களத்துப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன நேரத்தில் நான் பொள்ளாச்சிக் கடை வாசலில் நின்றிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் அந்தக் கடைக்குப் போய், அந்த நேரத்து கேமராப் பதிவை அழியாமல் வைக்கும்படி எழுதிக் கொடுத்து, கடிதத்தின் நகலில் கடை முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். கடைகளில் கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். போலீஸ் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தால் அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பதிவைக் கோர்ட்டில் வைக்க வேண்டுமானால் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழும் வேண்டும் என்று வக்கீல் பிறகு சொன்னார். முதலில் பதிவு இருக்க வேண்டும். சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

போலீஸ் முதலில் போனில்தான் கூப்பிட்டது. “சும்மா விசாரணைக்கு, வந்துவிட்டுப் போ” என்றார்கள். கொழுந்தனாரையும், களத்தில் கூட வேலை பார்த்த ஒரு அக்காவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பகலில் போனேன். தனியாகப் போகாதீர்கள், முக்கியமாகப் பெண்கள். சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்களை வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. சந்தேக நபராகக் கூப்பிடுகிறார்கள் என்றால் எழுத்தில் நோட்டீஸ் கேட்கலாம். சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில்கூட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்று, பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும்.

ஸ்டேஷனில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். முதலாளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வார்டு மெம்பர் சுவரோரம் நின்றார். மேசை மேல் கோடு போட்ட வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. அதில் நீல மையில் முக்கால் பக்கம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. “நான் குடும்பக் கஷ்டத்தால் அறியாமல் எடுத்துவிட்டேன், மூன்று தவணைகளில் திருப்பித் தருகிறேன், என்மீது நடவடிக்கை வேண்டாம்” என்று என் குரலில் யாரோ எழுதியிருந்தார்கள். அடியில் என் பெயர். பெயருக்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. “கையெழுத்துப் போடு அம்மிணி, எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இங்கேயே முடித்துக்கொள்ளலாம், நீயும் நம் வீட்டுப் பெண் மாதிரி” என்றார் முதலாளி. பதினோரு வருடம் அவருடைய கணக்கை எழுதியவள் நான். அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். படித்து முடிக்கும் வரை யாரும் பேசவில்லை. “இதில் எழுதியிருப்பது நடக்கவில்லை ஐயா, நான் கையெழுத்துப் போட மாட்டேன். நடந்ததை நானே எழுதித் தருகிறேன்” என்றேன். கொழுந்தனார் என் முழங்கையை இடித்தார். வெளியே வந்ததும், “அண்ணி, நான்கு பேருக்கு முன்னால் தலைகுனிவாக இருக்கிறது, நான் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறேன்” என்று கண் கலங்கினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. லாரி ஓட்டிக்கொண்டு ஒடிசாப் பக்கம் போயிருந்த என் கணவரும் போனில் அதையேதான் முதலில் சொன்னார்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் முழுதாகப் புரிந்தது. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, சாக்ஷிய அதினியம் 23ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அப்படிச் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கைப்பற்றப்பட்டால், அதோடு சம்பந்தப்பட்ட பகுதி செல்லும். கடன் வாங்கிக் கட்டிய பணமே “கைப்பற்றப்பட்ட பணம்” என்று மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதாகப் போலீஸ் எழுதும் பதிவில், ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது. ரூபாய் நோட்டில் யார் பெயரும் எழுதியிருப்பதில்லை. ஊர்ப் பெரியவர் முன்னிலையில் முதலாளிக்கு எழுதிக் கொடுக்கும் கடிதம் இன்னும் மோசம். அது போலீசிடம் கொடுத்த வாக்குமூலமே அல்ல, ஆகவே அந்தப் பாதுகாப்பும் அதற்குக் கிடையாது. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் சட்டம். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் பேச்சே வேண்டாம், எழுந்து நின்று வக்கீலைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள்.

நான் மறுத்ததும் வழக்குப் பதிவானது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 306ஆவது பிரிவு: வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடுவது, ஏழு ஆண்டு வரை சிறை. சாதாரணத் திருட்டுக்கு 303(2)இன்படி மூன்று ஆண்டு வரைதான். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்த இடம் என்பதால் இரண்டு மடங்குக்கு மேல். எந்தப் பிரிவு என்று தெரியாமல் ஊரில் ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசுவார்கள். முதல் தகவல் அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், எண் கொடுத்துப் பதிவிறக்கலாம். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளைத் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை எடுத்து நிதானமாகப் படியுங்கள். என் அறிக்கையில் தொகை 1,90,000 என்று இருந்தது. நான் எழுதிய ரொக்கப் புத்தகத்தில் முதலாளி கையெழுத்தோடு இருந்த தொகையோ 1,40,000. அந்த வித்தியாசம் பிறகு எனக்குப் பெரிதும் உதவியது.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் உடனே கைது செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3)இன்படி நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம். நோட்டீசுக்கு ஒழுங்காகப் போய் நின்றால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. இது பழைய சட்டத்தில் 41ஏ என்று இருந்தது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் அழுத்திச் சொன்னது. நோட்டீஸ் வந்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று யோசனை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். போனால் “தலைமறைவு” என்று ஆகிவிடும்.

வக்கீலுக்குப் பணம் ஏது என்று அழுதுகொண்டிருந்தபோது எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர்தான் சட்டப் பணிகள் குழுவைப் பற்றிச் சொன்னார். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்குக் கிடைத்தவர் வயதில் சின்னப் பெண். என் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். அப்போது எனக்கு வந்த தைரியம் அதற்கு முன்னால் எந்தக் கோயிலிலும் வரவில்லை.

கோயில் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் பக்கம் பொருள் களவு போனால் ஆனைமலை மாசாணியம்மன் சன்னிதிக்குப் போய், மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். எடுத்தவர் உடம்பு எரியும், பொருள் திரும்பும் என்பது நம்பிக்கை. முதலாளி வீட்டார் அரைத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு நான் ஒரு நாள் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாலும் ஊருக்கு அது செய்தி. நானும் அந்த அம்மனைக் கும்பிடுகிறவள்தான். அம்மனைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. அரைத்ததைச் சொல்லிச் சொல்லி என்னைப் பார்த்தவர்களின் கண்தான் என்னைப் பயமுறுத்தியது.

அடுத்து ஊர்க் கூட்டம். விநாயகர் கோயில் திண்ணையில் கூடி, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். என் அம்மாவுக்கு அதில் முழு சம்மதம். பொய்ச் சத்தியம் செய்கிறவளா நீ, போய் அணைத்துவிட்டு வா என்றாள். நான் ஒன்றுதான் சொன்னேன்: “அணைக்கிறேன். பீரோ சாவி மூன்று. சாவி வைத்திருந்த எல்லோரும் வரிசையாக நின்று அணைத்தால் நானும் அணைக்கிறேன்.” திண்ணையில் பேச்சு நின்றுபோனது. கூட்டம் வேறு ஒரு நாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குப் பிறகு கூடவே இல்லை. தெய்வத்தின் மேல் உள்ள நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஒருவரை மட்டும் தனியாக நிறுத்திச் செய்யச் சொல்லும் சத்தியம் சோதனை அல்ல, தண்டனை. அதை ஏற்க வேண்டியதில்லை. அபராதம் விதித்தாலோ, பேச்சுவார்த்தை இல்லை என்று தள்ளிவைத்தாலோ அது கட்டப் பஞ்சாயத்து. எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஊர் என்பது திண்ணையோடு முடிவதில்லை. மளிகைக் கடையில் கணக்கு வைத்து வாங்குவது நின்றது. ஒரு வளைகாப்புக்கு எங்கள் தெருவில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் அழைத்தார்கள். என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸ் காணவில்லை என்றதும் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. பாக்ஸ் பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. அன்று மாலை அவள் தன் பையைக் கொட்டி, ஒவ்வொரு பொருளாக எடுத்து எனக்குக் காட்டினாள். பென்சில், ஸ்கேல், டிபன் பாக்ஸ், நோட்டு, இவ்வளவுதான் அம்மா என்றாள். மறுநாளே வகுப்பாசிரியரைப் பார்த்து நடந்ததை முழுதாகச் சொன்னேன். குழந்தைகள் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். பள்ளிக்கு ஊர் வழியாகச் செய்தி போவதற்கு முன் நம் வாயால் போக வேண்டும். அந்த ஆசிரியர் அவளை வகுப்பில் நோட்டு வசூலிக்கும் பொறுப்பில் வைத்தார். அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

மகளிர் குழுவில் நான் பொருளாளர். பாஸ்புக்கையும் நோட்டுகளையும் கொடுத்துவிடும்படி ஆள் அனுப்பினார்கள். அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தால், பிறகு அதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் என் தலையில்தான் விழும். குழுவைக் கூட்டச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் சேமிப்பு, கடன், வட்டி, கையிருப்பு எல்லாவற்றையும் சத்தமாகப் படித்து, சரிபார்த்து, தீர்மானப் புத்தகத்தில் ஒப்படைத்ததாக எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். கணக்கு முடிந்ததும் வயதான ஒரு அம்மா, “இந்தக் கணக்கில் ஒரு பைசா பிசகவில்லை, களத்துக் கணக்கிலா பிசகியிருப்பாள்?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பழி வந்த நேரத்தில் கையில் இருக்கும் எந்தப் பொறுப்பையும் கோபத்தில் தூக்கி எறியாதீர்கள். கணக்கோடு ஒப்படைத்து எழுத்தில் வாங்குங்கள்.

நோட்டீசுக்குப் போய் நின்றாலும் பாதுகாப்புக்காக முன்ஜாமீன் போடலாம் என்று வக்கீல் சொல்ல, கோவையில் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. ஜாமீன்தாரர் தேடுவது பெரிய பாடு. வீட்டு வரி ரசீதைக் கொடுக்க உறவுக்காரர்கள் தயங்கினார்கள். கடைசியில் கையெழுத்துப் போட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் களத்தில் மூட்டை தூக்கும் அண்ணன், என் கையால் கூலி வாங்கியவர். இன்னொருவர் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் அக்கா. அவர்களுக்கு முதலாளியைப் பகைத்துக்கொள்வதில் நஷ்டம் இருந்தது. தெரிந்துதான் வந்தார்கள். ஸ்டேஷன் எதிரே பஸ் ஸ்டாப், பக்கத்தில் டீக்கடை. தினமும் அத்தனை பேர் பார்க்க உள்ளே போய்வர வேண்டும். முகத்தை முந்தானையால் மூடிக்கொள்ளச் சொன்னார்கள். நான் மூடவில்லை. வெளுத்த சேலை கட்டி, பூ வைத்து, வேலைக்குப் போவது போலவே போய் வந்தேன். கொஞ்ச நாளில் டீக்கடைக்காரர் முதலில் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

வழக்கு மெதுவாகத்தான் நகர்ந்தது. கடை கேமராப் பதிவு, ஜிபே நேரம், தொகையில் இருந்த வித்தியாசம், மூன்று சாவி. இவற்றையெல்லாம் ஒரே மனுவாக எழுதி விசாரணை அதிகாரிக்கும் டி.எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்பினார் வக்கீல். வாயால் நூறு முறை சொன்னதற்கு இல்லாத மதிப்பு ஒப்புகை அட்டையோடு போன அந்த ஒரு மனுவுக்கு இருந்தது. அடுத்த ஆண்டு, குற்றப்பத்திரிகை போடாமல், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாகப் போலீஸ் அறிக்கை தாக்கல் செய்தது. முதலாளிக்கு நோட்டீஸ் போனது. அவர் ஆட்சேபிக்கவில்லை. மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டார்.

பணத்தை எடுத்தது யார்? எனக்குத் தெரியாது. மனத்தில் ஊகம் இருக்கிறது. அதை இங்கே மட்டுமல்ல, என் வீட்டுக்குள்ளும் சொல்வதில்லை. ஆதாரம் இல்லாமல் ஒரு பெயரைச் சொன்னால், எனக்கு அவர்கள் செய்ததையே நான் இன்னொருவருக்குச் செய்கிறேன் என்று ஆகும்.

நிஜமாகவே எடுத்துவிட்டுத் தவிக்கிறவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கும் வழி இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டத்தில், சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறைக் குற்றமாக இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதில் சமூக சேவைதான் தண்டனை. அந்த முடிவையும் வக்கீலிடம் பேசிய பிறகு எடுங்கள், திண்ணையில் எடுக்காதீர்கள்.

வழக்கு முடிந்த செய்தி ஊருக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. பழி பரவிய வேகத்தில் விடுதலை பரவுவதில்லை. கோர்ட்டின் நகல் பிரிவில் மனுக் கொடுத்து, உத்தரவின் சான்றிட்ட நகலை ஒன்றுக்கு மேலேயே வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ போலீஸ் விசாரணை வந்தால் அதுதான் பேசும். போலீஸ் வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு, சந்தேகத்தின் பலனால் கிடைத்த விடுதலையைக்கூட முழு விடுதலையாக எடுத்துக்கொள்வதில்லை. வழக்கு இருந்ததை மறைத்து விண்ணப்பித்தால் அதுவே வேலையைப் பறித்துவிடும். நான் ஒரு நகலை மகளிர் குழுவிலும், ஒன்றை மகளின் பள்ளியிலும் கொடுத்தேன். என் ஜாமீன்தாரர்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அவர்கள் வரி ரசீது இனி எந்த வழக்கிலும் மாட்டியிருக்காது என்று அவர்கள் வீட்டாருக்கும் தெரிய வேண்டும் அல்லவா.